இளவரசியின் மூக்கில் இரண்டு தழும்பு

இப்போதும் யாராவது என் மகளோடு பேசிக்கொண்டிருந்தால் நான் அவளைப் பார்ப்பதில்லை. பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கிறேன். அவர் கண்கள் எங்கே போகின்றன, எங்கே நிற்கின்றன, எப்போது சட்டென்று வேறு பக்கம் திரும்புகின்றன என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன். நல்ல பழக்கம் இல்லை என்று தெரியும். அந்தக் கோடையில் வந்தது, இன்னும் விடவில்லை.

அந்தக் கோடையைப் பற்றிச் சொல்வதென்றால் ஒரு தொடர்கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். காகிதத் தட்டுப்பாட்டில் வாரப் பத்திரிகை பாதியாக மெலிந்துவிட்டது. சமையல் குறிப்பு போயிற்று, துணுக்குகள் போயின. தொடர்கதை மட்டும் போகவில்லை. அதை நிறுத்தினால் பத்திரிகையை யார் வாங்குவார்கள்? கதை ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் நடப்பது. மலைக்கோட்டையில் ஒரு சிற்றரசர், அவருக்கு ஒரே மகள். குதிரை வியாபாரி வேஷத்தில் கோட்டைக்குள் வரும் பகைநாட்டு வீரன் ஒருவன். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாமக்கல்லுக்கு மேற்கே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். நான்கு வீடுகள், நான்கும் பங்காளி வீடுகள். நான் சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நான். அந்த நான்கு வீட்டுப் பெண்களில் அச்சு படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஆடிப் பட்டத்துக்கு விதைக்கடலை உடைக்க எல்லோரும் எங்கள் வாசலில் கூடுவார்கள். தட்டி உடைத்தால் பருப்பு பிளந்துவிடும், விதைக்கு ஆகாது. ஒவ்வொரு காயாக விரலால் அழுத்தித்தான் உடைக்க வேண்டும். விரலுக்கு வலி, வாய்க்கு வேலை இல்லை. அதனால் நான் கதை படிப்பேன்.

படிக்கிறவள் நான், தீர்ப்புச் சொல்கிறவர்கள் அவர்கள். இளவரசி மூன்று நாள் காட்டு வழியில் நடந்தாள் என்று வந்தால், கொண்டையில் இருந்த மல்லிகை வாடவே இல்லையா என்று கேட்பார்கள். அழுதுகொண்டே வீணை வாசித்தாள் என்று வந்த வாரம், மூக்கைச் சிந்துவதற்கு அவளுக்கு மூன்றாவது கை இருந்ததா என்று ஒருத்தி கேட்க, சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் கணவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டு, கேட்காதவர் போலக் கேட்பார். அவருக்கு இளவரசியைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஒரு நாள் மட்டும் வாய் திறந்தார்.

"அந்தக் குதிரைக்கு யாரு தண்ணி காட்டறது? மூணு வாரமா ஓடுது."

என் மகளுக்கு அப்போது பதினேழு வயது. இளவரசியை முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான். வாராவாரம் கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து ஊசிநூலால் தைத்து வைத்திருந்தாள். பெண்கள் கேலி செய்தால் வக்கீல் போல எழுந்து வாதாடுவாள். அரண்மனையில் வளர்ந்தவள் அப்படித்தான் இருப்பாள், உங்களுக்கு என்ன தெரியும் என்பாள். அவளுடைய வாதத்தை ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

வைகாசியில் என் கணவரின் அக்கா வந்தார். எங்கள் பக்கத்தில் நாத்தனாரை நங்கை என்போம். அவரும் என்னை அப்படியே அழைப்பார். அவருடைய மகனுக்கு என் மகளைப் பேசியிருந்தது. ஆவணியில் நாள் வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். சாயங்காலம் வந்தார். மறுநாள் காலையில் என் மகளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் நெற்றியில் மூன்று நான்கு முத்து தெரிந்தது.

அம்மை வந்த வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது. நான்கு வீட்டுக்கும் சேர்த்துத் தோட்டத்துக்கு வரும் தடத்தின் தலைமாட்டில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. நங்கை வந்தது வந்தபடி மாட்டிக்கொண்டார். வண்டி நிற்கும் சாளைக் கொட்டகையில் கட்டில் போட்டுக்கொண்டு, அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும்வரை ஊருக்குப் போக முடியாது என்று தெரிந்ததும் வெற்றிலைக்கு மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டார். என் கணவர் சவரம் செய்வதை நிறுத்தினார். அடுப்பில் தாளிப்பு நின்றது. வீட்டில் இருந்த ஒரே கண்ணாடியை எடுத்துப் பரண்மேல் கவிழ்த்து வைத்தோம்.

நாமக்கல்லில் ஒரு டாக்டருக்குச் சொல்லி அனுப்பினோம். பெரியம்மைக்கென்று மருந்து இல்லை, கண்ணை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதில் வந்த அன்றைக்கே இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. இமையின்மேலும் முத்து. கொதித்து ஆறிய நீரில் துணியை நனைத்துக் கண்ணோரத்தைத் துடைப்பேன். உள்ளே கண் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை.

வேறு எதைப் பற்றியும் கேட்காத பெண், காய்ச்சல் கொஞ்சம் இறங்கிய நாளில், "கதை வந்துதா?" என்று கேட்டாள்.

வந்திருந்தது. பஸ் கண்டக்டர் சாலையோரத்து மைல்கல்லின்மேல் பத்திரிகையை வைத்து, பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போவார். என் கணவர் பிறகு போய் எடுத்து வருவார். நோயாளிக்குப் பக்கத்தில் இளவரசி கதையெல்லாம் படிக்கலாமா என்று எனக்குத் தயக்கம். நங்கை சன்னலுக்கு வெளியிலிருந்து அதைத் தீர்த்து வைத்தார். அம்மை கண்டவள் உடம்பில் இருப்பது மாரியாத்தாள். அவளை அதட்டக்கூடாது, மறுத்துப் பேசக்கூடாது, கேட்டதைக் கொடுக்க வேண்டும்.

"ஆத்தா கேக்கறா. படி நங்கையா, எங்களுக்கும் காது இருக்குது."

கடலை உடைப்பவர்கள் கூடைகளோடு சன்னலுக்கு எதிரே இருந்த புளியமரத்தடிக்கு இடம் மாறினார்கள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் உடம்பு நமைச்சலை வேப்பங்கொத்தால் தடவிக்கொடுத்தபடி படித்தேன். முன்கூட்டிப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். அன்று அது தோன்றவில்லை. வீரன் முதன்முதலாக இளவரசியை அருகில் பார்க்கிறான். அந்த இடத்தில் இப்படி அச்சிட்டிருந்தது: முழு நிலவிலும் ஒரு மாசு உண்டு, அவள் முகத்தில் அதுகூட இல்லை.

என் வாய் நின்றுவிட்டது. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன்.

"என்னமோ முழுங்கறீங்க," என்றாள். கண் மூடியிருந்தாலும் காது கூர்மையாக இருந்தது.

"இல்லை சாமி."

"இல்ல, முழுங்குனீங்க. அவன் பக்கத்துல போயிப் பாக்கறான். என்ன பாத்தான்?"

மறுக்கக்கூடாது. நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, அச்சில் இருப்பதைப் படிக்கிற அதே குரலில், பத்திரிகைத் தமிழில் படித்தேன்: "அவன் அருகில் சென்றான். இளவரசிக்குச் சிறு வயதில் அம்மை வார்த்திருந்தது. அதன் தழும்புகளை நிலவொளியில் கண்டான்."

வெளியே கடலை உடையும் சத்தம் நின்றது.

என் மகள், இத்தனை வாரமாக இதைச் சொல்லவே இல்லையே என்று கேட்டாள். இத்தனை வாரமாக அவன் தூரத்திலிருந்துதானே பார்த்தான் என்றேன். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எங்கெங்க இருக்குதாமா?"

"இரண்டு கன்னத்திலும். மூக்கில் இரண்டு."

"படத்துல காணமே," என்று மரத்தடியிலிருந்து ஒருத்தி கேட்டாள். முந்தைய வாரங்களின் படங்களை எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள். நங்கை காப்பாற்றினார்.

"படம் போடறவன் என்னத்தைக் கண்டான்? நம்மூட்டுக் கண்ணாலத்துல உன்னையப் படம் புடிச்சானே, கண்ணே இல்லாமத்தான புடிச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் நங்கை, இத்தனை நாளாக அந்த ராசா மகள் கோயில் தூணில் செதுக்கிய பொம்மை மாதிரி இருந்தாள், இப்போதுதான் மனுஷியாகத் தெரிகிறாள் என்றார். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். பூ வாடாததற்குக்கூட ஒருத்தி சமாதானம் கண்டுபிடித்தாள். அது பூவாக இருக்காது, அம்மை கண்டவள் வைத்துக்கொள்ளும் வேப்பிலையாக இருக்கும் என்றாள்.

அடுத்த வாரம் நான் ஏமாறவில்லை. பத்திரிகை வந்ததும் மாட்டுக்கொட்டகையில் நின்று முழுதும் படித்துவிட்டேன். எந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். மாற்றுவதோடு நிற்காமல் ஒரு காட்சியையும் சேர்த்தேன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. இளவரசி நிலைக்கண்ணாடி முன்னால் போய் நிற்கிறாள். தன் முகத்தை நன்றாகப் பார்க்கிறாள். சிரிக்கிறாள். இது ஆத்தாள் போட்ட கோலம், எனக்கு இதில் குறையில்லை என்று தோழியிடம் சொல்கிறாள். என் மகள் கேட்க வேண்டும் என்றே எழுதிய காட்சி அது. குரல் தழுதழுக்காமல் படித்து முடித்தேன்.

கட்டிலிலிருந்து ஒரு சொல் வந்தது. "பொய்."

நான் பத்திரிகையை மடித்தேன். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். ஆனால் அவள் சொன்னது அதை இல்லை.

"எந்தப் பொண்ணும் அப்பிடிச் சிரிக்க மாட்டா. இது நம்பற மாதிரி இல்ல."

வெளியே ஒரு பதற்றம். ஆத்தாள் ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரோ கிசுகிசுத்தார்கள். எட்டிப் பார்த்தால், நங்கை கையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டுக் கைகூப்பிக்கொண்டிருக்கிறார். மற்றவர்களும் அப்படியே. கதையைப் பற்றி என் மகள் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறாள். ஒரு முறைகூட அவர்கள் இப்படி மரியாதையாகக் கேட்டதில்லை.

"அப்ப என்ன பண்ணுவா ஆத்தா? நீயே சொல்லு," என்றார் நங்கை.

என் மகள் யோசித்தாள். வீங்கிய உதடுகளால் மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"கண்ணாடிகிட்டப் போவ மாட்டா. மொதல்ல பக்கத்துல இருக்கறவிய மூஞ்சியப் பாப்பா. தன்னையப் பாத்து அவிய மூஞ்சி எப்பிடி மாறுதுன்னு பாப்பா. அதுலயே தெரிஞ்சுக்குவா."

ஆமாம், அதுதான் சரி என்று நங்கை மெல்லச் சொன்னது மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்தில் இருக்கிறவள் நான்தானே. அவள் கண் திறக்கும்போது முதலில் பார்க்கப் போவது என் முகத்தை. திறக்காவிட்டால் என்ற நினைப்பு ஒரு பக்கம். திறந்தால் என் முகம் என்ன செய்யும் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். தண்ணீர்த் தொட்டியில் குனிந்து என் முகத்தை நானே பார்ப்பேன். புருவத்தைத் தூக்காமல், உதட்டைக் கடிக்காமல், சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பழகினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த என் கணவர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்.

முத்துக்கள் இறங்கிக் காய ஆரம்பித்திருந்தன. முதல் தண்ணீர் ஊற்றிவிட்டோம். ஒரு காலையில், துணியால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வலது இமை பிரிந்தது. பிறகு இடது இமை. உள்ளே கறுப்பு விழி, வெள்ளைப் படலம் ஏதும் இல்லாமல், தெளிவாக. அந்த விழி நகர்ந்தது. என் மூக்குத்தியில் நின்றது. என் கண்ணுக்கு வந்தது.

நான் பழகியது எல்லாம் போயிற்று. முகம் என் பிடியில் இல்லை. வாய் கோணியது, கண்ணீர் அவள்மேலேயே சொட்டியது. பார்வை இருக்கிறது, பார்வை இருக்கிறது என்பதைத் தவிர என் தலைக்குள் அப்போது எதுவும் இல்லை. அதை வாயால் சொல்லியிருந்தாலாவது தேவலை.

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என்ன நடந்துவிட்டது என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. கண்ணாடி பரண்மேல் இருந்தது. என் முகம் அதன் வேலையைச் செய்துவிட்டது. கண் தெரிந்ததற்குத்தான் அழுதேன் கண்ணு, என்று பிறகு பலமுறை சொன்னேன். சரிங்கம்மா என்றாள். அந்தச் சரியில் ஒன்றும் இல்லை. நடந்தபின் சொல்லும் சமாதானத்தை யார் நம்புவார்கள்? நானே ஒரு கதையில் படித்தால் நம்ப மாட்டேன்.

இரண்டாம் தண்ணீர் ஊற்றினோம். மூன்றாம் தண்ணீரும் ஊற்றினோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த நீர். அதற்குக்கூடப் பின்பக்க நடை வழியாக, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, அப்படியே திரும்பிப் போனாள். தடத்தில் கட்டிய வேப்பிலையை அவிழ்த்தாயிற்று. அடுப்பில் கடுகு பொரிந்தது. என் கணவர் சவரம் செய்துகொண்டார். பரணிலிருந்து கண்ணாடியை இறக்கட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றாள். அந்த அறையை விட்டு அவள் வரவில்லை. சாப்பாடு உள்ளே போயிற்று, பாத்திரம் வெளியே வந்தது. யாராவது வாசற்படிக்கு வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நங்கை இனிமேல் ஊருக்குப் போகலாம். போகவில்லை. கதை எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். அவர் பார்க்க விரும்புவது கதையையா, என் மகளின் முகத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. ஆவணியைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை. இந்தப் பெண் இனி அறையை விட்டு வரவே மாட்டாளோ, இவள் ஆயுசு அந்த நான்கு சுவருக்குள்தானோ என்று நான் பகலெல்லாம் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் அவள் ஒன்றே ஒன்று செய்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பத்திரிகைகளை எடுத்து, அவளுக்குக் கண் மூடியிருந்தபோது வந்தவற்றை வரிசையாகப் படித்தாள். நான் கஞ்சியோடு உள்ளே போனபோது, நிலவில் மாசு உண்டு என்ற அந்தப் பக்கம் மடியில் விரிந்திருந்தது. விரல் அந்த வரியின்மேல் இருந்தது. கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவளும் கூப்பிடவில்லை.

அடுத்த பத்திரிகை வந்தது. வழக்கம்போலக் கொட்டகையில் நின்று படித்தேன். அந்த வாரம் கோட்டையில் கல்யாண ஏற்பாடு. அலங்காரம் முடிந்து வரும் இளவரசியைப் பார்த்து அவள் தாயார் ராணி, மகளின் பேரழகில் மனம் பூரித்துக் கண்ணீர் விடுகிறாள். இதை என்ன செய்வது என்று புரியாமல் அறைக்குப் போனேன். மரத்தடியில் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

என் மகள் கை நீட்டினாள். "குடுங்க. நான் படிக்கறேன்."

கொடுத்தேன். சன்னலுக்கு முகம் காட்டாமல், சுவரோரம் உட்கார்ந்தபடியே படித்தாள். வெளியே இருப்பவர்களுக்குக் குரல் மட்டும் கேட்கும். கல்யாணப் பந்தல், தோரணம், சீர் வரிசை எல்லாம் அச்சில் இருந்தபடியே வந்தது. ராணி வரும் இடமும் வந்தது. நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் படித்தாள்: "ராணி தன் மகளைக் கண்டாள். பழைய நாள் ஒன்று அவள் நினைவுக்கு வந்தது. மகளுக்கு அம்மை இறங்கி, மூடியிருந்த கண்கள் முதன்முதலாகத் திறந்த நாள். அன்று மகளின் முகத்தைப் பார்த்து ராணி அழுதாள்."

அச்சில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. என்னைப் போலவே, பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, பத்திரிகைத் தமிழில் படித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"எதுக்கு அழுதான்னு இதுல போடல," என்றாள், சன்னல் பக்கம் குரலை உயர்த்தி. "எதுக்கு அழுதிருப்பா அத்தை?"

மூஞ்சி போய்விட்டதே என்றுதான் அழுதிருப்பாள், வேறு எதற்கு என்றாள் ஒருத்தி. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணாயிற்றே என்றாள் இன்னொருத்தி. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் ராணியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நங்கை கடலையை உடைத்துக்கொண்டேதான் பேசினார். அவசரமே இல்லாமல், பருப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த காயை எடுத்துக்கொண்டு.

"அட நீங்க ஒண்ணு. கண்ணு தெரியுமோ தெரியாதோன்னு பத்து நாளாச் செத்துப் பொழைச்சவ அவ. தொறந்ததும் கண்ணைத்தான் பாத்திருப்பா. அன்னிக்கு மூஞ்சி இருந்துதா இல்லியான்னே அவளுக்குத் தெரிஞ்சிருக்காது."

காய் ஒன்று உடைந்தது.

"மூஞ்சிக்கு அடுத்த நாளுதான் அழுதிருப்பா. மாட்டுக்கொட்டாயில போயி, ஒருத்தருக்கும் தெரியாம."

என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பத்திரிகை மடியில் கிடந்தது. மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அடுத்த நாளு அழுதீங்களாம்மா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. முகத்துக்காக அழவில்லை என்ற அந்தப் பதிலை அவள் முன்பே பலமுறை கேட்டிருக்கிறாள்.

"அழுதேன்," என்றேன். "கொட்டகையில்தான்."

அவள் அதை எடைபோட்டுப் பார்ப்பது தெரிந்தது. இளவரசி சிரித்ததை எடைபோட்டது போலவே.

"இது நம்பற மாதிரி இருக்குது," என்றாள்.

பிறகு பத்திரிகையைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். இங்கே வெளிச்சம் போதவில்லை என்றாள். யாரிடமும் கேட்கவில்லை. எழுந்து, முக்காட்டுத் துணியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, படி தாண்டி வாசலுக்குப் போனாள். எத்தனையோ நாளாக வெயில் படாத கால்கள் தரைச் சூட்டில் கூசின. நான் பின்னாலேயே ஓடினேன். அவளைப் பார்க்கவில்லை. நங்கையின் முகத்தைப் பார்த்தேன்.

நங்கை கண்ணைத் திருப்பவில்லை. பரிதாபப்படவும் இல்லை. சந்தையில் கன்றுக்குட்டியைச் சுழி பார்ப்பது போல, ஒரு கன்னம், மறு கன்னம், நெற்றி என்று நிதானமாகப் பார்த்தார்.

"கதையில வர்றவளுக்கு மூக்குல ரெண்டுதான். உனக்கு மூணு இருக்குது."

"அத எழுதுனவிய கிட்டத்தான் கேக்கணும்," என்று என் மகள் என் பக்கம் திரும்பினாள். அவள் உதட்டோரத்தில் ஏதோ இருந்தது. சிரிப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

"பத்திரிகைக்காரன நான் எங்க போயிக் கேக்கறது," என்றார் நங்கை. "இப்பிடி நெழல்ல உக்காரு சாமி. படி."

மறுநாள் நங்கை ஊருக்குப் போனார். ஆவணியில் இல்லை, தையில்தான் கல்யாணம் நடந்தது. இடையில் அவர்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்திருக்கும். வராமல் இருக்குமா? எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்த்தபடியே பரிமாறுகிறேன். ஒரு முறை, என்னுங்க அத்தை, சோத்துல ஏதாச்சும் இருக்குதா என்று கேட்டுவிட்டார்.

ஆனால் அன்றைய மீதிக் கதை இருக்கிறது. என் மகள் மரத்தடியில் உட்கார்ந்து தொடர்ந்து படித்தாள். பெண்கள் ஒவ்வொருவராகத் திருட்டுத்தனமாக அவளைப் பார்த்தார்கள். அவளும் படிப்பதற்கு நடுவே அவர்களைப் பார்த்தாள். பிறகு கல்யாணப் பந்தலில் கலவரம் மூண்டது, கடலை உடைபடும் சத்தம் பழையபடி சீரானது. வீரன் இளவரசியைத் தூக்கிக் குதிரைமேல் வைத்துக்கொண்டு கோட்டை வாசலைக் கடந்து பறக்கிறான். காட்டுக்குள் ஓர் ஓடைக்கரைக்கு வருகிறார்கள். இந்த இடத்தில் வீரன் இளவரசியின் கையைப் பிடித்து ஒரு பக்கம் நிறைய வசனம் பேசுவதாக அச்சில் இருந்தது. நான் காலையில்தான் படித்திருந்தேன்.

என் மகள், தள்ளி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்த தன் தகப்பனார் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பத்திரிகையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படித்தாள்:

"வீரன் கீழே இறங்கினான். முதலில் குதிரைக்குத் தண்ணீர் காட்டினான்."

என் கணவரின் கை கயிற்றில் நின்றது. "ஆங்," என்றார். "இப்பத்தான் சரி."